மாடி அறையில் ஒரு சைக்கிள்: கடலூர் வீடொன்றில் ட்ரெய்னருக்கு இடம் அமைத்த கதை (நிகழ்வு ஆய்வு)

கீழே சமையலறையில் தட்டு ஸ்டாண்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று அதிரத் தொடங்கினால், மேலே அக்கா பெடல் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். இருபதாவது நிமிடம் சத்தம் நின்றுவிடும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து படி இறங்கி வருவாள்.

"முடியலடா தம்பி. ரோட்ல ஒரு மணி நேரம் போனவ நான். இங்க இருபது நிமிஷம் உட்கார முடியல. வயசாயிடுச்சு போல."

வயசு காரணம் இல்லை, அந்த அறைதான் காரணம் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. கடலூர், புதுச்சேரி பக்கம் வீட்டுக்குள் ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பதற்கான ஸ்டாண்ட்) வாங்கிப் போட்டுவிட்டு, பத்து நாளில் "எனக்கு ஒத்து வரல" என்று மூலையில் தள்ளிவிட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எங்கள் வீட்டில் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

அக்காவுக்கு 47 வயது. பள்ளி ஆசிரியை. மஞ்சக்குப்பத்தில் வீடு. ஏழெட்டு வருடமாக விடியற்காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரை சைக்கிளில் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி தாண்டி கிருமாம்பாக்கம் வரை. 2024 பிப்ரவரியில் ஒரு நாள் சந்திலிருந்து திடீரென்று வந்த பைக் இடித்து விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகு கை சரியாகிவிட்டது, பயம் போகவில்லை. ஐந்து மணி இருட்டில் துரத்தும் தெருநாய்கள் வேறு. சைக்கிளைத் தொடாமலே இரண்டு மாதம் ஓடியது. ராத்திரி தூக்கம் சரியில்லை, சர்க்கரை அளவும் எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது.

மே மாதம் மாமா புதுச்சேரியில் தெரிந்தவரிடமிருந்து பழைய ட்ரெய்னர் ஒன்றை வாங்கி வந்தார். பின் சக்கரத்தைக் கழற்றாமல் அப்படியே மாட்டுகிற வகை. டயர் ஒரு இரும்பு உருளையின் மேல் அழுந்திச் சுற்றும். உருளையோடு சேர்ந்த டப்பாவுக்குள் இருக்கும் எண்ணெய் போன்ற திரவம் எதிர்ப்பைக் கொடுக்கும். வேகமாக மிதிக்க மிதிக்க எதிர்ப்பும் கூடும். இதற்கு மின்சாரம் வேண்டாம். பின் சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராக மாட்டுகிற வகையும் உண்டு. அது சத்தம் குறைவு, விலை பல மடங்கு. மறுபடி பழக்கத்துக்குத் திரும்ப நினைப்பவருக்கு முதலாவதே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தை அறைக்குச் செலவழிக்கலாம்.

முதல் ஏற்பாடு

மாடியில் மேற்கு பார்த்த அறை, பத்துக்குப் பத்து. மேலே நேராக கான்கிரீட் தளம். ஒரு கட்டில், ஒரு பீரோ, நடுவில் ட்ரெய்னர், அதற்கு நேர் மேலே சீலிங் ஃபேன். ஜன்னல் ஒன்றுதான். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது, எப்போதும் மூடியே இருக்கும். பள்ளி முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, மாலை ஆறரைக்கு அக்கா ஏறுவாள்.

சிரமங்கள் இவை: தாங்க முடியாத புழுக்கம், மணிக்கட்டில் வலி, உட்காரும் இடத்தில் வலி, கீழே இருக்கும் அத்தைக்குத் தட்டுகளின் சத்தம். இதோடு, ராத்திரி படுக்க இடம் வேண்டும் என்பதால் தினமும் சைக்கிளைக் கழற்றி ஓரம் கட்ட வேண்டும். மறுநாள் திரும்ப மாட்டக் கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரத்தை நினைத்தே பாதி நாள் ஏறாமல் விட்டிருக்கிறாள்.

புழுக்கம்: எல்லாவற்றுக்கும் மூலம்

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கி அறையில் வைத்தேன். ஜூன் மாதம் ஒரு மாலை ஆறரைக்கு 33.5 டிகிரி, ஈரப்பதம் 72 சதவீதம். அக்கா இருபது நிமிடம் மிதித்த பிறகு 34.5 டிகிரி, 80 சதவீதம். அறையைச் சூடாக்கியதும் ஈரமாக்கியதும் அவள் உடம்புதான்.

கணக்கு எளிது. மனித உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது. மீதி அத்தனையும் சூடு. பெடலில் 100 வாட் கொடுத்தால் 300 முதல் 400 வாட் வரை உடம்பிலிருந்து சூடாக வெளியேற வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஐந்தாறை ஒரு சின்ன அறையில் எரியவிட்டது போல. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகிப் போகும்போது சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துப் போகும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டராவது ஆவியாக வேண்டும்.

ஆவியாக வேண்டும், சொட்டக் கூடாது. நம் ஊர் விஷயமே இங்கேதான் இருக்கிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தோலில் வரும் வியர்வை காயாமல் வழிந்து தரையில் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை சூடு எதையும் எடுத்துப் போகாது. அக்கா இறங்கிய பிறகு டைல்ஸ் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தது போலக் கிடக்கும். "எவ்வளவு வேர்க்குது பாரு, நல்ல உழைப்பு" என்று மாமா சந்தோஷப்பட்டார். அந்தக் குளத்தில் பெரும் பங்கு உடம்புக்கு உதவாமல் வீணாகப் போன தண்ணீர்.

ரோட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு ஐந்தரை மீட்டர் காற்று முகத்திலும் மார்பிலும் மோதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று தோலை ஒட்டி நிற்கும் ஈரப் படலத்தை விலக்கிவிடுகிறது. அதே ஊர், அதே ஈரப்பதம், ஆனாலும் ரோட்டில் ஒரு மணி நேரம் போக முடிந்தது இதனால்தான்.

"மேலேதான் ஃபேன் சுத்துதே?" என்று அக்கா கேட்டாள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சைக்கிளில் அவள் குனிந்து உட்காரும் நிலையில் மார்பு இருக்கும் இடத்தில் பிடித்துக் காட்டினேன். உச்சந்தலைக்கு மேலே புகை கீழ்நோக்கி அடித்தது. முதுகில் கொஞ்சம் பரவியது. மார்புக்கும் முகத்துக்கும் கீழே வந்தபோது புகை அசையாமல் சுருண்டு நின்றது. எங்கே காற்று வேண்டுமோ அங்கே இல்லை. தளத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத்தான் ஃபேன் திரும்பக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைச் சாயங்காலம்தான் உள்ளே விடும். அதாவது நாளிலேயே மிக மோசமான நேரத்தை, மிக மோசமான அறையில் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஒரு உறவினர் ஏர் கூலர் வைக்கச் சொன்னார். வீட்டில் ஒன்று சும்மாவும் கிடந்தது. வைத்துப் பார்த்தோம், நிலைமை இன்னும் மோசமானது. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிரவைக்கிறது. ஈரத்தை அறையில் கொட்டுகிறது. வேலூர் வெயிலுக்கு அது சரி, கடலூருக்குச் சரிப்படாது. ஏசி ஈரத்தை எடுக்கும், உண்மைதான். ஒரு டன் ஏசி மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும். ஆனால் அதைப் போட்டாலும் எதிரே ஒரு ஃபேன் வேண்டும். அசையாத குளிர்ந்த காற்றில் கால் மணி நேரத்துக்கு மேல் அதே கதைதான். அதனால் ஃபேனை முதலில் வைப்போம், போதாவிட்டால் ஏசியை யோசிப்போம் என்று முடிவு செய்தோம்.

அறை மாற்றம்

மாடிப்படி ஏறியதும் கிழக்கு பார்த்த ஒரு முன் அறை உண்டு. பழைய பாத்திரம், கொலு பெட்டி, அட்டைப் பெட்டி எல்லாம் அடைந்து கிடந்தது. எட்டுக்குப் பத்து. கிழக்கில் பெரிய ஜன்னல், எதிரே மொட்டை மாடிக்குப் போகும் கதவு. இரண்டையும் திறந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். சைக்கிள் நீளம் ஆறடிக்குள். ஏறி இறங்க ஒரு பக்கம் இரண்டடி இருந்தால் போதும். மொட்டை மாடியிலேயே ஷீட் போட்டு அமைக்கலாம் என்று மாமா சொன்னார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது மாடியில் இருந்த ஷீட்டெல்லாம் எங்கே போய் விழுந்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதே நியாயம்.

ஒரு பெடஸ்டல் ஃபேனை முன் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால், தலை சற்று மேல்நோக்கிச் சாய்ந்து மார்பில் காற்று அடிக்கும்படி வைத்தோம். இன்னொன்று சுவர் ஃபேன், பின்புறம் வலது பக்கத்திலிருந்து முதுகுக்கு. முதுகைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குனிந்து உட்காரும்போது வியர்வை அதிகம் தேங்குவது அங்கேதான். சீலிங் ஃபேன் சும்மா இருக்கிறது. இரண்டு ஃபேனும் சேர்ந்து 120 வாட்டுக்குள். தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் ஏழெட்டு யூனிட்டைத் தாண்டாது.

ஜன்னல் கொசுவலையைக் கழற்றிப் பார்த்தபோது வலையின் சின்ன ஓட்டைகளில் தூசியும் உப்புப் பிசுக்கும் அடைத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டியதும் காற்று கூடியது கையை வைத்தாலே தெரிந்தது. கடலோர வீடுகளில் இதை மாதம் ஒரு முறை செய்யலாம், செலவே இல்லை.

நேரத்தையும் மாற்றினோம். காலை ஐந்தே கால். தளம் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும், மீட்டர் 27, 28 டிகிரி காட்டும். ஈரப்பத எண் அப்போதும் அதிகம்தான், ஆனால் ஃபேன் காற்றுபட்டு வியர்வை காய்கிறது.

எடைப் பார்த்ததில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஏறுவதற்கு முன்னும், இறங்கித் துடைத்துக்கொண்ட பின்னும் எடை பார்த்து, இடையில் குடித்த தண்ணீரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். பழைய அறையில் இருபது நிமிடத்தில் 350 கிராம் இழந்தவள், புது அறையில் அதே வேகத்தில் நாற்பது நிமிடத்துக்கு 450 கிராம்தான் இழந்தாள். தரையில் சில சொட்டுகள் மட்டும். அன்றைக்கு அவள் சொன்ன வார்த்தை: "மூச்சு விட முடியுதுடா."

மணிக்கட்டு

இதில் நாங்கள் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. மிதித்து இறங்கிய ஒவ்வொரு முறையும் இடது மணிக்கட்டு வலிக்கிறது என்றபோது, பழைய முறிவு என்றே எல்லோரும் நினைத்தோம். எக்ஸ்ரே கூட எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்கி, ஒரு நீளச் சட்டத்தின் மேல் வைத்து இரண்டு சக்கர ஆக்சில்களுக்கும் நடுவே பிடித்தேன். குமிழி பின்பக்கமாக ஓடியது. ட்ரெய்னரில் மாட்டும்போது பின் சக்கரம் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்கிறது, முன் சக்கரம் தரையிலேயே இருக்கிறது. சைக்கிள் முழுவதும் சரிவில் இறங்குவது போலச் சாய்ந்து, உடம்பின் பாரம் கையில் விழுகிறது. ரோட்டில் என்றால் மேடு பள்ளத்தில் கை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே நாற்பது நிமிடமும் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம்.

ஆசாரியிடம் ஒரு துண்டு மரத்தில் டயர் உட்காரும்படி பள்ளம் செதுக்கி வாங்கினேன். 120 ரூபாய். முன் சக்கரத்தை அதில் ஏற்றியதும் குமிழி நடுவுக்கு வந்தது. வலி அந்த வாரமே குறைந்தது. இரண்டு மாதம் அக்கா வலியைப் பொறுத்துக்கொண்டு மிதித்திருக்கிறாள் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ட்ரெய்னர் வாங்கும் யாரும் இந்த மட்டத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

உட்காரும் இடத்து வலிக்கும் இதில் பங்கிருந்தது. மற்றபடி, ட்ரெய்னரில் சைக்கிள் ஆடாது, ஸ்பீடு பிரேக்கருக்காக நாம் எழுந்துகொள்வதும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் எழுந்து மிதிக்கச் சொன்னேன். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை சுடிதார் பேன்ட்டுக்குள் போட்டுக்கொள்கிறாள். துப்பட்டாவைக் கீழேயே வைத்துவிட்டு வருவாள்.

தட்டுகளின் சத்தம்

அத்தை குறை சொல்கிறவர் இல்லை. "பரவாயில்லம்மா, நீ மிதி" என்றுதான் சொல்வார். ஆனால் காலை ஐந்தே காலுக்கு மாற்றிய பிறகு அவருடைய தூக்கம் கெடும் என்பதால் இதைச் சரிசெய்யாமல் விட முடியாது.

நான் கீழே நின்று கேட்டேன், அக்கா மேலே வேகத்தை மெல்லக் கூட்டினாள். மெதுவாகப் போனால் தட்டுகள் சும்மா இருந்தன. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு வந்ததும் அத்தனையும் சேர்ந்து கிணுகிணுத்தன. அதைத் தாண்டினால் மறுபடி அமைதி. ட்ரெய்னரின் அதிர்வும் தட்டு ஸ்டாண்டின் இயல்பான அதிர்வும் ஒன்றாகிற வேகம் அது. அக்காவுக்கு வசதியான வேகமும் அதுவாகவே இருந்தது. அதிர்வின் மூலத்தைத் தேடினால் டயர்தான் பிடிபட்டது. அவளுடையது கரடுமுரடான பட்டன் வைத்த டயர். உருளையில் ஒவ்வொரு பட்டனும் தட்டித் தட்டிப் போகிறது. வழுவழுப்பான 28 மில்லிமீட்டர் டயரைப் பின்னால் மாற்றினோம். மேல் அறையிலேயே சத்தம் பாதியாகிவிட்டது. டயர் உருளையில் வழுக்காத அளவுக்கு அழுத்தினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் தேய்ந்து கருப்புத் தூள் கொட்டும். தினமும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அடுத்தது தரை. கான்கிரீட் தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும், சுவரும் பீமும் இருக்கும் ஓரம் அவ்வளவு அதிராது. ட்ரெய்னரை ஓரத்துக்கு நகர்த்தினோம். கீழே 12 மில்லிமீட்டர் ரப்பர் மேட், அதன் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, அதன் மேல் மெல்லிய ரப்பர் மேட், அப்புறம் ட்ரெய்னர். கனமான பலகை ரப்பரின் மேல் மிதந்தாற்போல இருப்பதால் அதிர்வு தரைக்கு இறங்குவதில்லை. மேட் மட்டும் போட்டுப் பார்த்தபோது இந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அத்தை மேலே வந்து கேட்டார்: "இன்னிக்கு ஏறலையாம்மா? உடம்பு சரியில்லையா?" அக்கா அப்போது முப்பதாவது நிமிடத்தில் இருந்தாள்.

மின்சாரம், துரு, குழந்தைகள்

ட்ரெய்னருக்கு மின்சாரம் வேண்டாம், ஃபேனுக்கு வேண்டும். பல வீடுகளைப் போல இங்கேயும் இன்வெர்ட்டர் லைன் சீலிங் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போயிருந்தது. எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு பிளக் பாயின்ட்டை அந்த லைனில் சேர்த்தோம். வியர்த்த கை இரும்பு ஃபேனைத் தொடும் என்பதால் எர்த்தைச் சோதித்து, மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொன்னேன். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வியர்வை உப்பு இரும்பைத் தின்றுவிடும். இரண்டே மாதத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பழுப்புத் துரு, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடல் காற்று ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருக்கும். இப்போது ஹேண்டில்பாரிலிருந்து சீட் வரை ஒரு பழைய துண்டை விரித்துக் கட்டுகிறாள். இறங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணி. வாரம் ஒரு முறை போல்ட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

ஒரு முக்காலியில் தண்ணீர், இன்னொரு துண்டு, ரேடியோ. குடிப்பதற்கு எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்த தண்ணீர், இல்லை உப்புப் போட்ட மோர். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் அதில் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து போகும் வீடு. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரமும் உருளையும் சில நொடி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பிஞ்சு விரல் நுழைந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது. மிதிக்கும்போது படிக்கட்டுக் கதவைத் தாழிடுவது என்று விதி வைத்திருக்கிறோம்.

ஆன செலவும் நடந்ததும்

ட்ரெய்னர் விலையைச் சேர்க்காமல், இரண்டு ஃபேன், டயர், மேட், பலகை, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எல்லாம் முடிந்தது. சைக்கிளைக் கழற்றுவதே இல்லை. எழுந்து, முகம் கழுவி, நேராக ஏறிவிடலாம். அந்த மாதத்தில் அக்கா 22 நாள் ஏறினாள், பெரும்பாலும் நாற்பது நிமிடம்.

மழைக்காலத்தில்தான் அதன் அருமை தெரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகளில் புகுந்தது. கரன்ட் இல்லாத நாட்களில் இன்வெர்ட்டரைச் செல்போனுக்கும் விளக்குக்கும் வைத்துக்கொண்டோம், சைக்கிள் ஓய்வில் இருந்தது. கரன்ட் வந்த மறுநாள், ரோட்டில் இன்னும் சேறு கிடக்கும்போதே, அக்கா மாடியில் ஏறிவிட்டாள்.

ஜனவரியில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. சாப்பாட்டையும் மாற்றியிருந்தாள், அதனால் சைக்கிளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கம் திரும்பிவிட்டது என்று அவளே சொல்கிறாள். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, நன்றாக விடிந்த பிறகு, என்னையும் கூட்டிக்கொண்டு சில்வர் பீச் வரை சைக்கிளில் போய் வந்தாள். வழி முழுக்க இடது ஓரமாகவே போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அடுத்த வாரமும் வருவியா?" என்று கேட்டாள்.

மே மாதத்துக்கான ஏற்பாடு மட்டும் பாக்கி. அப்போது காலை ஐந்து மணிக்கே தளம் முழுதாக ஆறியிருக்காது. முன் அறைக்கு மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். பூசுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் எண்களைக் குறித்து வைக்க, ஜன்னல் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.